பிரிட்டன் சிரித்த கதை – 7: அப்பா, மகன், ஒரு குதிரை வண்டி

சென்ற அத்தியாயம் டோனி ஹான்காக்கின் பிரிவோடு முடிந்தது. 1954-ல் வானொலியில் தொடங்கித் தொலைக்காட்சிக்கும் வந்து பிரிட்டனைச் சிரிக்கவைத்த ஹான்காக், 1961-ல் தன்னை அந்த உயரத்துக்குக் கொண்டுபோன எழுத்தாளர்கள் இருவரையும் விட்டு விலகினார். ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவருக்கும் அப்போது முப்பது வயதுதான் கடந்திருந்தது. எழுதும் கை இருந்தது. யாருக்காக எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

பிபிசியின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் டாம் ஸ்லோன் அவர்களை அழைத்தார். பத்து அரைமணி நேரங்களை அவர்கள் கையில் கொடுத்தார். வாரம் ஒரு தனிக் கதை. எதை எழுதுவது, யாரை நடிக்கவைப்பது எல்லாம் அவர்கள் விருப்பம். ‘காமெடி பிளேஹவுஸ்’ என்ற பெயரில் 1961 டிசம்பரில் அந்த வரிசை தொடங்கியது. மூன்று கதைகள் எழுதியாகிவிட்டன. நான்காவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்து விழுந்தது: குதிரை வண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் எடுக்கும் இருவர்.

அந்த யோசனைதான் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ ஆனது. இந்த வரலாற்றில் நான் எழுத மிகவும் ஆசைப்பட்ட அத்தியாயமும் இதுதான். பிரிட்டிஷ் குடும்ப நகைச்சுவையை இந்தத் தொடருக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

படுக்கையில் கற்ற பாடம்

கால்டனும் சிம்ப்சனும் சந்தித்த இடத்தைத் தெரிந்துகொண்டால் இந்தத் தொடர் இன்னும் நன்றாகப் புரியும். 1948-ல் சர்ரே மாவட்டத்தில் உள்ள மில்ஃபர்ட் காசநோய் மருத்துவமனையில் இருவரும் நோயாளிகள். இருவருக்கும் இருபது வயது நிறையவில்லை. காசநோய்க்கான மருந்துகள் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன. நீண்ட ஓய்வும் சுத்தமான காற்றும்தான் பெரும்பாலோருக்குச் சிகிச்சை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், படுக்கையே உலகம்.

அங்கேதான் இருவரும் வானொலி நகைச்சுவைகளை மனப்பாடமாகும்வரை கேட்டார்கள். மருத்துவமனைக்குள் மட்டும் ஒலித்த உள்வானொலிக்குச் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதினார்கள். வெளியே வந்த சில ஆண்டுகளில் பிபிசியின் எழுத்தாளர்கள் ஆனார்கள்.

நகர முடியாத மனிதர்கள், பக்கத்துப் படுக்கைக்காரனைத் தேர்ந்தெடுக்க முடியாத மனிதர்கள், பேச்சு ஒன்றை வைத்தே பொழுதைத் தள்ளியாக வேண்டியவர்கள். அந்த வார்டு அனுபவம்தான் பின்னாளில் அவர்கள் எழுதிய வீட்டுக்குள் வந்து குடியேறியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹான்காக் கதைகளிலேயே இதன் சாயல் உண்டு. ஸ்டெப்டோ வீட்டில் அது முழு உருவம் பெற்றது.

ஆயில் டிரம் லேன், 24

மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், ஆயில் டிரம் லேன் என்ற கற்பனைச் சந்தில், 24-ஆம் எண் வீடு. வெளியே பழைய சாமான்கள் குவிந்த முற்றம். உள்ளே தெருவில் பொறுக்கி வந்த பொருள்கள் இண்டு இடுக்கு இல்லாமல் அடைந்து கிடக்கின்றன. ஓர் எலும்புக்கூடு கூட நிற்கிறது. அப்பா ஆல்பர்ட் ஸ்டெப்டோ, மனைவியை இழந்தவர், முதல் உலகப்போர் சிப்பாய். மகன் ஹரால்ட், நாற்பதை நெருங்குகிறவன், கல்யாணம் ஆகாதவன். இவர்களோடு ஹெர்குலிஸ் என்ற குதிரை.

அந்தத் தொழில் பற்றி ஒரு வார்த்தை. கந்தல் துணி காகித ஆலைக்கும் கம்பளி ஆலைக்கும் போகும். எலும்பு, பசை காய்ச்சப் போகும். இரும்பும் ஈயமும் உருக்கப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலேய நகரங்களில் குரல் கொடுத்தபடி சுற்றி வந்த இந்தப் பிழைப்பு, இரண்டாம் உலகப்போருக்குப் பின் தேயத் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் கார், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி என்று நாடு புதிதாகிக்கொண்டிருந்தது. அந்தப் புதிய நாடு தூக்கி எறிந்ததைப் பொறுக்கி வாழ்ந்தவர்கள் ஸ்டெப்டோக்கள்.

ஹரால்டுக்கோ அந்தப் புதிய நாட்டின் மேல்தான் கண். புத்தகம் படிக்கிறான். செவ்வியல் இசை கேட்கிறான். காலி பாட்டில்களின் அடியில் மிஞ்சிய மதுவைச் சேர்த்துத் தனக்கென்று ஓர் அலமாரியே வைத்திருக்கிறான். அரசியலில் அவன் தொழிற்கட்சி, அப்பா பழமைக்கட்சி. சாப்பாட்டு மேசையில் நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எதிரே உட்கார்ந்திருப்பவரோ சொத்தைப் பல், அழுக்குக் கழுத்துப்பட்டை, விரல் நுனி வெட்டிய கையுறையோடு கைக்குக் கிடைத்ததைத் தின்கிறார். “அழுக்குக் கிழவா!” என்று ஹரால்ட் முகம் சுளித்துக் கத்துவது நாடு முழுக்கப் பிள்ளைகள் வாயிலும் புழங்கியது.

நகராத வண்டி

1962 ஜனவரி 5-ஆம் தேதி ‘தி ஆஃபர்’ என்ற அந்த நான்காவது கதை ஒளிபரப்பானது. கதை மிகச் சின்னது. வேறொரு வேலை கிடைத்திருக்கிறது, உன்னை விட்டுப் போகிறேன் என்கிறான் ஹரால்ட். தன் சாமான்களை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர முடியாது என்கிறார் அப்பா. அப்படியானால் நானே இழுத்துப் போகிறேன் என்று மகன் வண்டியின் ஏர்க்காலைப் பிடிக்கிறான். இழுக்கிறான். முழு பலத்தையும் கூட்டி இழுக்கிறான். வண்டி அசையவில்லை. ஹரால்ட் உடைந்து அழுகிறான். அப்பா அருகில் வந்து, இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம், உள்ளே வா, தேநீர் போடுகிறேன் என்று கூட்டிப் போகிறார்.

ஒத்திகையின்போது, ஹரால்டாக நடித்த ஹாரி எச். கார்பெட்டின் கண்ணில் நிஜமாகவே நீர் வழிந்ததைப் பார்த்து எழுத்தாளர்கள் திகைத்துப் போனார்கள். அதுவரை அவர்கள் எழுதியது நகைச்சுவைக் கலைஞர்களுக்கு. ஒரு நகைச்சுவைக் கலைஞர் அந்த இடத்தில் அழுவதுபோல் பாவனை செய்திருப்பார், பார்வையாளர் சிரித்திருப்பார்கள். நடிகர்களை வைத்ததால் சிரிப்பு நின்று, மனம் கனத்தது. நகைச்சுவை நாடகத்தில் இப்படி ஒரு முடிவு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குப் புதிது.

இதைத் தொடராக்கலாம் என்று ஸ்லோன் வற்புறுத்தினார். இருவருக்கும் விருப்பமில்லை. ஒரே பாத்திரங்களோடு ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்த பிறகு கிடைத்த சுதந்திரத்தை விட மனம் வரவில்லை. நடிகர்கள் இருவரும் சம்மதித்தால் எழுதுகிறோம் என்றார்கள், அவர்கள் மறுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். அவர்களோ உடனே சம்மதித்தார்கள். 1962 ஜூனில் முதல் தொடர் தொடங்கியது. டங்கன் வுட் இயக்கினார். ரான் கிரெய்னர் அமைத்த முகப்பு இசை, குதிரையின் குளம்படித் தாளத்தில் ஆடி ஆடி நடந்துவந்தது.

இரு நடிகர்கள்

வில்ஃப்ரிட் பிராம்பெல் 1912-ல் டப்ளினில் பிறந்தவர். ஆல்பர்ட் வேடத்தை ஏற்றபோது வயது 49. அதற்கு முன்பே கிழவர் வேடங்களில் பெயர் வாங்கியிருந்தார். நேரில் அவர் மிடுக்காக உடுத்துபவர், திருத்தமாகப் பேசுபவர். ஆல்பர்ட்டுக்காக அழுகிய பல் வரிசை ஒன்றைப் பொருத்திக்கொண்டு, முகத்தைச் சுருக்கி, முதுகை வளைத்து நின்றால் இருபது வயது கூடிவிடும். 1964-ல் பீட்டில்ஸின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தில் பால் மெக்கார்ட்னியின் தாத்தாவாக அவர் வந்தபோது, பார்ப்பவர்கள் எல்லாரும் தாத்தா எவ்வளவு சுத்தமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆல்பர்ட்டை அறிந்த நாட்டுக்கு அந்தப் பகடியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹாரி எச். கார்பெட் 1925-ல் ரங்கூனில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். தாயைச் சிறு வயதில் இழந்து மான்செஸ்டரில் அத்தை வீட்டில் வளர்ந்தார். போரில் கடற்படை வீரராக இருந்து திரும்பி, ஜோன் லிட்டில்வுட்டின் தியேட்டர் வொர்க்‌ஷாப் குழுவில் சேர்ந்தார். ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்டாக நடித்தவர். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே நிஜத்தில் 13 வயதுதான் வித்தியாசம். திரையில் ஒரு தலைமுறை இடைவெளி தெரிந்தது என்றால் அது இருவரின் உடல்மொழி செய்த வேலை.

இரு பக்கமும் பூட்டிய கதவு

அப்பா மகனைக் கட்டிப்போட்டிருக்கிறார் என்று மேலோட்டமாகத் தோன்றும். முதல் தொடரின் கதைகளும் அதற்குச் சாட்சி சொல்லும். ஹரால்ட் ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்தால், அவள் தாமதமாக வந்ததாக மகன் நினைக்கும்படி கடிகார முள்ளைத் திருப்பி வைக்கிறார் ஆல்பர்ட். தனியாக வெளிநாடு போகிறேன் என்று அவன் கிளம்பினால், அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிடுகிறது; வழக்கம்போல இருவரும் சேர்ந்து போக்னர் கடற்கரைக்குப் போகிறார்கள். 1963-ல் வந்த ‘தி பாத்’ கதையில், மகனின் தோழி வந்து நிற்கும் நேரத்தில் ஆல்பர்ட் வரவேற்பறையிலேயே தகரத் தொட்டியில் குளித்துக்கொண்டு ஊறுகாய் வெங்காயம் தின்கிறார். தண்ணீரில் விழுந்த வெங்காயங்களைத் துழாவி எடுத்துப் பழையபடி ஜாடியில் போடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அதே 1963-ல் வந்த ‘தி ஸ்டெப்மதர்’ கதையைப் பாருங்கள். ஆல்பர்ட் ஒரு விதவையை மணந்துகொள்ள நினைக்கிறார். பல காலமாக விடுதலை கேட்டவன் மகிழ வேண்டும் அல்லவா? ஹரால்ட் சிறுபிள்ளைபோல் கொதிக்கிறான். அந்தக் கல்யாணத்தைக் கெடுக்கிறான். அப்பா இல்லாத வீடு அவனால் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. கதவு உள்ளிருந்தும் பூட்டியிருக்கிறது, வெளியிலிருந்தும் பூட்டியிருக்கிறது. சாவி ஒருவரிடம் மட்டும் இல்லை. கால்டனும் சிம்ப்சனும் கண்டுபிடித்த பெரிய விஷயம் இதுதான். சண்டையிலும் சூழ்ச்சியிலும் ஓடும் அந்த உறவின் அடியில் பாசம் இருக்கிறது. அந்தப் பாசத்தை இருவரில் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எழுத்தாளர்களும் அவர்களைச் சொல்ல வைக்கவில்லை.

1972-ல் வந்த இரண்டு கதைகளில் இந்தக் கலை உச்சம் தொட்டது. ‘டிவைடட் வி ஸ்டாண்ட்’ கதையில் ஹரால்ட் வீட்டின் நடுவே பலகைச் சுவர் எழுப்பிப் பாகப்பிரிவினை செய்துவிடுகிறான். நடையில் காசு போட்டால் சுழலும் தடுப்பு. தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான். அதுவும் இரண்டாகப் பிரிகிறது. ஹரால்டுக்கு பாலே பார்க்க ஆசை. திருகுகளோ அப்பா பக்கம் இருக்கின்றன. கடைசியில் வீடு தீப்பற்றி, இருவரும் மருத்துவமனையில் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடக்கிறார்கள். மில்ஃபர்ட் வார்டை நினைக்காமல் என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடிந்ததில்லை.

‘தி டெஸ்பரேட் அவர்ஸ்’ அதைவிடக் கூர்மையானது. வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையிலிருந்து தப்பிய கைதிகள் இருவர் ஸ்டெப்டோ வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஒருவன் இளையவன், லெனார்ட் ராசிட்டர் நடித்த பாத்திரம், மற்றவர் முதியவர். கொள்ளையடிக்க அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. சாப்பிடவும் உருப்படியாக எதுவும் இல்லை. பேச்சு வளர வளர, இளைய கைதி அந்த முதியவரைச் சுமந்து திரிவதையும், தனியாக ஓடினால் தப்பியிருக்கலாம் என்பதையும் ஹரால்ட் கண்டுகொள்கிறான். இரண்டு ஜோடிகளும் ஒன்றையொன்று பார்த்துத் தங்கள் முகத்தையே காண்கின்றன. சிறையிலிருந்து வந்தவர்கள் எவ்வளவோ மேல் என்று தோன்றும் அளவுக்கு அந்த வீட்டின் வறுமை விரிகிறது. அரைமணி நேரத்தில் நான்கு பேர், ஓர் அறை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே மனம் கலங்கிவிடும்.

தேர்தலைத் தொட்ட தொடர்

முதல் தொடருக்குப் பின் இதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது. அப்போது பிரிட்டனின் மக்கள்தொகை சுமார் 5.4 கோடி. 1963 நவம்பரில் ராயல் வெரைட்டி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடிய அதே மேடையில் ஸ்டெப்டோக்களும் தோன்றினார்கள்.

1964 அக்டோபர் 15, பொதுத்தேர்தல் நாள். அன்று மாலை வாக்குப்பதிவு முடியும் முன்பே ‘ஸ்டெப்டோ’வின் மறுஒளிபரப்பு ஒன்று வரவிருந்தது. தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஆலையிலிருந்து திரும்பும் தொழிலாளர்கள் சாப்பிட்டுவிட்டு மாலையில்தான் வாக்குச்சாவடிக்குப் போவார்கள். தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்டால் எழுந்து போவார்களா? பிபிசியின் தலைமை இயக்குநர் ஹ்யூ கிரீனிடமே முறையிட்டார். நிகழ்ச்சி இரவு 9 மணிக்குத் தள்ளிப்போனது. தொழிற்கட்சி வென்றது. நாடாளுமன்றத்தில் அதற்குக் கிடைத்த பெரும்பான்மை வெறும் 4 இடம். நேரமாற்றம்தான் அந்த வெற்றியைத் தந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பிரதமராகப் போகிற ஒருவர் ஒரு பழைய சாமான் வண்டியைப் பார்த்துப் பயந்தார் என்பது அந்தத் தொடர் உழைப்பாளிகளின் வீடுகளுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பதற்குப் போதுமான சான்று.

வண்ணமும் விடையும்

1965-ல் நான்கு தொடர்களோடு நிறுத்தினார்கள். 1970-ல் வண்ணத்தில் திரும்பி வந்தது. ஹெர்குலிஸின் மரணத்தோடு அந்தத் திரும்புதல் தொடங்கியது. இன்னும் நான்கு தொடர்கள், இரண்டு திரைப்படங்கள். நெதர்லாந்திலும் சுவீடனிலும் உள்ளூர் வடிவங்கள் உருவாயின. அமெரிக்காவில் நார்மன் லியர் இதை லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பினக் குடும்பத்தின் கதையாக்கினார். ரெட் ஃபாக்ஸ் நடித்த ‘சான்ஃபோர்ட் அண்ட் சன்’ 1972 முதல் 1977 வரை ஓடிப் பெரும் வெற்றி பெற்றது. கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகனை மடக்கும் உத்தி கடல் தாண்டியும் பலித்தது.

1974 டிசம்பர் 26-ல் கடைசிக் கதை. கிறிஸ்துமஸுக்கு அப்பாவும் மகனும் வெளிநாடு கிளம்புகிறார்கள். புறப்படும் இடத்தில் ஹரால்டின் கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது தெரியவருகிறது. நீயாவது போய் வா என்று அப்பாவை அனுப்பிவைக்கிறான். அவர் போனதும் வெளியே காத்திருக்கும் காரில், ஒரு பெண்ணோடு, உற்சாகமாகப் புறப்படுகிறான். எல்லாம் அவன் போட்ட திட்டம். 12 ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தவனுக்கு ஒரே ஒரு விடுமுறையை எழுத்தாளர்கள் பரிசளித்தார்கள். அந்தக் கருணைக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கார்பெட்டுக்கு அந்த விடுதலை வாய்க்கவில்லை. மேடையில் மாபெரும் பாத்திரங்களுக்குப் போயிருக்க வேண்டியவரை மக்கள் ஹரால்டாக மட்டுமே பார்க்க விரும்பினார்கள். 1982-ல், 57 வயதில், மாரடைப்பில் காலமானார். பிராம்பெல் 1985-ல் மறைந்தார். இருவரும் பரம விரோதிகள் என்றொரு பேச்சு பிற்காலத்தில் பரவியது. 2008-ல் பிபிசி அதை நாடகமாகவே எடுத்தது. கார்பெட்டின் குடும்பத்தார் அதைக் கடுமையாக மறுத்தார்கள். அவருடைய மகள் சுசானா தந்தையின் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதினார். அந்த 57 கதைகளில் ஒருவர் பேச ஒருவர் கேட்கும் விதத்தைக் கவனித்தாலே போதும். எதிரே இருப்பவர்மேல் கவனமும் மரியாதையும் இல்லாத நடிகரால் அப்படிக் கேட்க முடியாது.

57 கதைகளும் இன்று நம் கையில் இருப்பதற்கும் எழுத்தாளர்களுக்கே நன்றி சொல்ல வேண்டும். ஒளிநாடா விலை அதிகம் என்று பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்துப் புதியவற்றைப் பதிந்த காலம் அது. கால்டனும் சிம்ப்சனும் தங்களுக்கென எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளால்தான் 1970-களின் பல கதைகள் பிழைத்தன. வண்ணத்தில் எடுத்த அந்தக் கதைகளைக் கறுப்பு வெள்ளையில்தான் இன்று பார்க்க முடிகிறது. சிம்ப்சன் 2017-லும் கால்டன் 2018-லும் காலமானார்கள்.

இவர்களுக்குப் பின் வந்தவர்கள் குடும்பத்தை அழகாகத் துடைத்து வைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் ஏமாற்றம், வர்க்க வெறுப்பு, வயதானவர்களின் பயம், கல்யாணமாகாத மகனின் ஆற்றாமை எல்லாம் நகைச்சுவைக்குள் வந்துவிட்டன. 1981-ல் வந்த இன்னொரு பிபிசி நகைச்சுவைத் தொடரில், பெக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் தாயில்லாமல் வளர்ந்த ட்ராட்டர் சகோதரர்கள் தாத்தாவோடு தொடங்கிய வியாபாரம், ஆயில் டிரம் லேனின் நேர் வாரிசு என்றே நான் கருதுகிறேன். நடிகர்களை நம்பு, மௌனத்தை நம்பு, சிரிக்க வந்தவர்கள் அழவும் துணிவார்கள் என்று நம்பு: பிரிட்டிஷ் குடும்ப நகைச்சுவைக்கு ஸ்டெப்டோக்கள் விட்டுச்சென்ற சொத்து இந்த நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே ‘காமெடி பிளேஹவுஸ்’ வழியாக 1965-ல் இன்னொரு குடும்பம் வந்தது. கிழக்கு லண்டன் வீடு, வாய் ஓயாத ஓர் அப்பா, அவர் கக்கிய இனவெறியை நாடு எப்படி எடுத்துக்கொண்டது என்ற பெரிய கேள்வி. எழுத்தாளர் ஜானி ஸ்பைட் உருவாக்கிய ஆல்ஃப் கார்னெட்டை அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.

(தொடரும்)